கேஸ் எத்தனை கிராம்? மும்பையில் ஏசி வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மாட்டுங்காவில் ஒரு மாமி வீடு. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த உஸ்தாத் என்னைத் தனியாக அனுப்பிய மூன்றாவது கம்ப்ளெயின்ட் அது. குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கு மாமி, டாப்-அப் பண்ணணும்" என்றேன். மாமி அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துப் புரட்டினார். "போன மே மாசமும் போட்டா. அதுக்கு முந்தின வருஷமும் போட்டா. வருஷா வருஷம் தீர்ந்துபோறதுக்கு அது என்ன அடுப்பு சிலிண்டராப்பா?"

என்னிடம் பதில் இல்லை. கேள்வி சரியான கேள்வி. ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிவதில்லை, தேய்வதில்லை. ஆவியாகிறது, மறுபடி திரவமாகிறது, அதே குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் கேஸ் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்குவது மாதிரிதான். நானும் அதைச் செய்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

ஊரிலிருந்து வந்து தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ மச்சான் அறையில் தங்கி, ஏசி வேலைக்கு இறங்கியிருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். ஐடிஐயில் இரண்டு வருடம் படித்தவர்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். நேராக ஸ்பேனரோடு வந்தவர்களுக்கு இது உதவும். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: கேஸை எடை போட்டு ஏற்றுங்கள். கேஜ் முள் காட்டுவது அழுத்தம், உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்பதை அது சொல்லாது.

கேஜை மாட்டுவதற்கு முன்

கூலிங் இல்லை என்றதும் கேஜை எடுக்காதீர்கள். முதலில் இன்டோர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பிறகு காயில் (கேஸ் ஓடும் வளைகுழாய்கள்), பிறகு காற்றைத் தள்ளும் ப்ளோயர் சக்கரம். காற்று ஓட்டம் குறைந்தால் காயிலுக்கு வெப்பம் போதாமல் உறிஞ்சும் அழுத்தம் இறங்கும், பனிகூடக் கட்டும். கேஜில் பார்க்கிறவனுக்கு அது கேஸ் குறைவு மாதிரியே தெரியும். அந்த நிலையில் கேஸ் ஏற்றினால், அடுத்த முறை யாராவது ஃபில்டரைக் கழுவும்போது மெஷினில் கேஸ் அதிகமாகியிருக்கும்.

அப்புறம் அவுட்டோர். மும்பைக் கட்டடங்களில் அவுட்டோரைப் பாதிப் பேர் டக்ட்டுக்குள், அதாவது குழாய்கள் இறங்கும் குறுகிய இடைவெளிக்குள், மாட்டியிருக்கிறார்கள். புறா அங்கேதான் கூடு கட்டும். வடாலாவில் ஒரு வீட்டில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை கம்ப்ரசர் டிரிப் ஆனது. முதல் முறை போய் 'சரி பண்ணியது' நான்தான், 200 கிராம் போல ஏற்றிவிட்டு வந்திருந்தேன். இரண்டாம் முறை உஸ்தாத் கூட வந்தார். அவுட்டோரின் பின்பக்கம் கைவிட்டு ஒரு பிடி இறகும் குச்சியும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. கன்டென்சரில், அதாவது வெப்பத்தை வெளியேற்றும் அவுட்டோர் காயிலில், காற்று போக வழியில்லை, அதோடு நான் ஏற்றிய கேஸும் சேர்ந்து அழுத்தம் எகிறியிருக்கிறது. காயிலைக் கழுவி, அதிகக் கேஸை வெளியே எடுத்து, சரியான அளவை எடை போட்டு ஏற்றியதும் மெஷின் பிரச்சினையில்லாமல் ஓடியது.

டக்ட்டிலோ வெளிச்சுவரிலோ தொங்கும் மெஷினைத் தொட பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் இறங்கவே கூடாது. எந்தக் கஸ்டமர் அவசரப்படுத்தினாலும் சரி.

அதிகமானால் என்ன, குறைந்தால் என்ன

குறைந்தால் காயிலின் பாதிக்கு மேல் திரவம் போய்ச் சேராது. முன்பகுதியில் மட்டும் பனி, மீதி வெறும் குழாய். ஆம்பியர் குறைவாகக் காட்டும், ஆனால் அறை குளிர நேரமாகும், மெஷின் நிற்காமல் ஓடும், கரண்ட் பில் ஏறும். இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள்: கம்ப்ரசரைக் குளிர வைப்பதே திரும்பி வரும் கேஸ்தான். அது குறைந்தால் கம்ப்ரசர் சூடாகி, ஆயில் கெட்டு, வைண்டிங் போகும்.

அதிகமானால் கன்டென்சரில் திரவம் தேங்கி, வெப்பம் வெளியேற வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். அழுத்தமும் ஆம்பியரும் ஏறும். காயிலில் ஆவியாகி முடியாத திரவம் கம்ப்ரசருக்கே திரும்பினால் அது வால்வையும் பிஸ்டனையும் உடைக்கும். "கொஞ்சம் கூடவே போடுப்பா, நல்லா ஜில்லுன்னு இருக்கட்டும்" என்று கஸ்டமர் சொல்வார். சாம்பாரில் உப்பு மாதிரி என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.

எந்தக் கேஸ் என்று முதலில் பாருங்கள்

அவுட்டோரின் பக்கவாட்டில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் கேஸின் பெயரும் எடையும் அச்சிட்டிருப்பார்கள். அதுதான் உங்கள் வேதவாக்கு.

பழைய மெஷின்களில் ஆர்22. ஓசோனுக்குக் கெடுதல் என்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி படிப்படியாக விலக்கி வருகிறார்கள். இந்தியாவுக்கு அதன் கெடு 2030. அடுத்து ஆர்410ஏ வந்தது. இப்போது வீட்டு ஏசிகளில் பெரும்பாலும் ஆர்32. 2012 முதல் ஆர்290 மெஷின்களும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. ஆர்290 என்பது புரொப்பேன், அடுப்பு கேஸின் சொந்தக்காரன். ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கும், ஆர்290 பலமாகவே பிடிக்கும். இரண்டிலும் வேலை செய்யும்போது ஜன்னலைத் திறந்துவைத்து, பீடி, விளக்கு, அடுப்பு எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். குழாய்க்குள் கேஸ் இருக்கும்போது பிரேசிங் டார்ச் பற்ற வைக்கவே கூடாது.

ஒரு கேஸுக்குப் பதில் இன்னொன்றை ஏற்றுவது நடக்கத்தான் செய்கிறது. ஆர்22 மெஷினில் ஆர்410ஏ ஏற்றினால் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். ஆயிலும் வேறு. ஆர்22 மெஷினில் 'ஹைட்ரோகார்பன்' ஏற்றித் தருகிறேன் என்பவரிடமிருந்து விலகியே இருங்கள். அந்த மெஷினின் சுவிட்சும் ரிலேயும் எரியும் கேஸுக்காகச் செய்தவை அல்ல.

சந்தையில் கலப்படச் சிலிண்டரும் கிடைக்கும். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. சிலிண்டரை நிழலில் சில மணி நேரம் வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்ததும் கேஜ் மாட்டிப் பாருங்கள். 30 டிகிரியில் சுத்தமான ஆர்22 என்றால் சுமார் 158 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) காட்ட வேண்டும், ஆர்32 என்றால் சுமார் 265. பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் ஆர்410ஏவும் அதே 30 டிகிரியில் 259 பக்கம்தான் நிற்கும். அதனால் ஆர்32-ஐயும் அதையும் இந்த வழியில் பிரித்தறிய முடியாது.

சிலிண்டரை லோக்கல் ட்ரெயினில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், ரயிலில் அதற்குத் தடை. வெயிலில் நிறுத்திய டெம்போவிலும் விட்டுவைக்காதீர்கள்.

ஓட்டை எங்கே

மும்பையில் ஓட்டைக்கு இரண்டு பெரிய காரணங்கள். வொர்லி, பாந்த்ரா மாதிரி கடலோரத்தில் உப்புக் காற்று. மித்தி ஆறும் நாலா என்னும் சாக்கடைக் கால்வாய்களும் ஓடுகிற பக்கங்களில் சாக்கடை வாயு. அந்த வாயுவில் இருக்கும் கந்தகம் தாமிரத்தைக் கறுக்க வைத்து அரிக்கும். இன்டோர் காயிலின் வளைவுகள் கரிபூசினது மாதிரி இருந்தால் அங்கேயே தேட ஆரம்பிக்கலாம். அப்படி இல்லையென்றால் முதலில் குழாயின் விரித்த முனையை (ஃப்ளேர்) இறுக்கிப் பிடிக்கும் ஃப்ளேர் நட், அடுத்து கேஜ் மாட்டும் சர்வீஸ் வால்வுக்குள் இருக்கும் ஊசி. ஆயில் கசிந்த பிசுக்கு இருக்கிற இடத்தில்தான் பெரும்பாலும் ஓட்டை இருக்கும்.

சோதிக்க உலர்ந்த நைட்ரஜன், ரெகுலேட்டரோடு. எத்தனை பிஎஸ்ஐ வரை போகலாம் என்பது மெஷினின் மேனுவலில் இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் இருக்கிறதே என்று அதை மாட்டினால் கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். மிகைப்படுத்தவில்லை, உண்மையிலேயே வெடிக்கும்.

நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, ஒவ்வொரு மூட்டையும் நிதானமாகப் பாருங்கள். முடிந்தால் இரவு முழுக்க விட்டுவையுங்கள். 300 பிஎஸ்ஐயில் நிறுத்திய அழுத்தம், காலையில் அறை 6 டிகிரி குளிர்ந்திருந்தால் தானாகவே 6 பிஎஸ்ஐ போல இறங்கும். அதைப் பார்த்து ஓட்டை என்று பதற வேண்டாம். 30 இறங்கியிருந்தால் கண்டிப்பாக ஓட்டைதான்.

ஃப்ளேர் புதிதாகப் போட வேண்டியிருந்தால் எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ஸ்பேனர் வாங்குங்கள். நாக்தேவி தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினால் கருவிகள் கிடைக்கும். கால் இஞ்ச் நட்டுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 3/8 இஞ்ச் நட்டுக்கு 34 முதல் 42. "கை சொல்லும் அண்ணே" என்பார்கள். கை சொன்னதில் விரிந்து கிழிந்த ஃப்ளேர்களை ஒரு டப்பா நிறைய நான் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. ஓட்டை உள்ள மெஷினில் பம்ப்-டவுன், அதாவது கம்ப்ரசரை ஓட்டிக் கேஸ் முழுவதையும் அவுட்டோருக்குள் இழுத்து அடைப்பது, செய்யாதீர்கள். உள்ளே காற்று புகுந்து, கம்ப்ரசர் அதை ஆயிலோடு சேர்த்து அழுத்தினால் கம்ப்ரசரே வெடித்துச் சிதறும். மிச்சம் இருக்கும் கேஸை ரெக்கவரி மெஷினால் எடுங்கள். ஆர்32 என்றால் தீப்பிடிக்கும் கேஸுக்கு ஏற்ற ரெக்கவரி மெஷினாக அது இருக்க வேண்டும்.

வேக்கம்

இந்த ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே தண்ணீர்தான். குழாயைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் ஈரம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆர்32, ஆர்410ஏ மெஷின்களின் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் ரகம், உறிஞ்சினால் அமிலமாகும். அதனால் குழாய் முனைகளை உடனுக்குடன் மூடுங்கள்.

குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியே இழுக்கும் வேக்கம் பம்ப்பை ஓட்டும்போது கேஜ் முள் மைனஸ் முப்பதைத் தொட்டதும் நிறுத்திவிடுகிறார்கள். அந்த முள்ளுக்கு 20,000 மைக்ரானுக்கும் 500 மைக்ரானுக்கும் வித்தியாசம் தெரியாது. மைக்ரான் என்பது உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தின் நுண்ணிய அளவு. தனியாக ஒரு மைக்ரான் கேஜ் வேண்டும். 500-க்குக் கீழே இறக்கி, பம்ப் பக்க வால்வை மூடி, பத்து நிமிடம் பாருங்கள். 1,000-ஐத் தாண்டி ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம் மிச்சம் இருக்கிறது, மறுபடி ஓட்டுங்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓட்டை. 1,000-க்குள்ளேயே நின்றால் அடுத்த வேலைக்குப் போகலாம். அரை மணி நேரம் ஓட்டினேன், ஒரு மணி நேரம் ஓட்டினேன் என்ற கணக்கெல்லாம் இங்கே உதவாது.

எடை போட்டு ஏற்றுவது

டிஜிட்டல் தராசைச் சமதரையில் வையுங்கள். பால்கனிச் சரிவில் வைத்தால் எடை தப்பாகக் காட்டும். சிலிண்டரை ஏற்றி, ஹோஸை மாட்டி, ஹோஸில் உள்ள காற்றைக் கொஞ்சமாக வெளியேற்றிவிட்டு, அப்புறம் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹோஸ் தராசில் படாமல் தொங்கட்டும்.

ஒரு கணக்கு பார்ப்போம். ஸ்டிக்கரில் ஆர்32, 0.85 கிலோ என்று இருக்கிறது. மேனுவலில், 5 மீட்டர் குழாய் வரை இந்த எடை போதும், அதற்கு மேல் மீட்டருக்கு 20 கிராம் கூட்டவும் என்று எழுதியிருக்கிறது. இந்த எண்கள் மாடலுக்கு மாடல் மாறும், சிலவற்றில் ஏழரை மீட்டர் வரை ஒன்றுமே கூட்ட வேண்டாம். உங்கள் வீட்டில் குழாய் 9 மீட்டர். மிச்சம் 4 மீட்டருக்கு 80 கிராம். மொத்தம் 930 கிராம். தராசு 12.340 கிலோ காட்டினால், 11.410-க்கு வரும்போது வால்வை மூட வேண்டும்.

வேக்கத்தில் இருக்கும் மெஷினுக்குள் பெரும்பகுதி தானாகவே போய்விடும். மீதி போக மறுத்தால் மெஷினை ஓட்டி, இன்டோரையும் அவுட்டோரையும் இணைக்கும் இரண்டு குழாய்களில் தடித்தது வழியாக, திரவமாகக் குபுக்கென்று போகாமல், வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து ஏற்றுங்கள். ஆர்410ஏ இரண்டு கேஸ்களின் கலவை. சிலிண்டரைத் திரவமாக வெளிவரும்படி கவிழ்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆர்32 ஒற்றைக் கேஸ், எந்தப் பக்கம் எடுத்தாலும் அதேதான். சிலிண்டர் குளிர்ந்து கேஸ் வர மறுத்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள். டார்ச் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த அறையில் நான் நிற்பதில்லை.

ஆர்290 மெஷினில் மொத்தக் கேஸே சில நூறு கிராம்தான். அங்கே ஹோஸுக்குள் தங்கும் கேஸ்கூடக் கணக்கில் பெரிய பங்கு. குட்டையான ஹோஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

சரிபார்ப்பது

இங்கேதான் புதியவர்கள் வீடியோ பார்த்துக் குழம்புகிறார்கள். அமெரிக்க வீடியோவில் மெல்லிய குழாயில் தெர்மாமீட்டரைக் கட்டி சப்கூலிங் அளப்பார்கள், அதாவது திரவமான கேஸ் அதற்கு மேல் எத்தனை டிகிரி குளிர்ந்திருக்கிறது என்று. அந்த மெஷின்களில் அழுத்தத்தை இறக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு வீட்டுக்குள் இருக்கும். நம் சுவர் ஏசிகளில் அதே வேலையைச் செய்யும் கேபிலரியோ (மயிரிழைக் குழாய்) எலக்ட்ரானிக் வால்வோ அவுட்டோருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் வெளியே வரும் மெல்லிய குழாயும் ஏற்கெனவே அழுத்தம் இறங்கிய குளிர்ந்த குழாய்தான். அதில் சப்கூலிங் அளப்பது பசுவை விட்டுவிட்டுக் கன்றுக்குட்டியிடம் பால் கறக்கப் போவது மாதிரி.

பழைய, ஒரே வேகத்தில் ஓடும் கேபிலரி மெஷினில் சூப்பர்ஹீட் பார்க்கலாம். மெஷின் இருபது நிமிடம் ஓடட்டும். தடித்த குழாயின் அழுத்தத்தைக் கேஜில் படியுங்கள். ஆர்22-இல் 70 பிஎஸ்ஐ என்றால் உள்ளே கேஸ் 5 டிகிரியில் கொதிக்கிறது என்று பொருள். அதே குழாயை கிளாம்ப் தெர்மாமீட்டர் 14 டிகிரி என்கிறது. வித்தியாசம் 9. அதுதான் சூப்பர்ஹீட்.

எவ்வளவு இருக்க வேண்டும்? தெர்மாமீட்டர் முனையில் ஈரப் பஞ்சைச் சுற்றி, இன்டோருக்குள் போகும் காற்றில் பிடியுங்கள். எண் இறங்கி நிற்கும் இடம் ஈரக் குமிழ் வெப்பநிலை. அதை மூன்றால் பெருக்கி, வெளி வெப்பநிலையையும் 9-ஐயும் கழித்து, பாதியாக்குங்கள். ஈரக் குமிழ் 20, வெளியே 33 என்றால்: 60-இலிருந்து 33 கழித்து, 9 கழித்து, மீதி 18, அதில் பாதி 9. மேலே அளந்ததும் 9, ஆகவே சார்ஜ் சரி. அளந்தது 15 என்றால் கேஸ் குறைவு, 3 என்றால் அதிகம். இதுவும் தோராயக் கணக்குதான். ஃபில்டரும் கன்டென்சரும் சுத்தமாக இருந்தால் மட்டுமே இதை நம்பலாம்.

இன்வெர்ட்டர் ஏசியில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கம்ப்ரசர் வேகம் மாற மாற அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் பார்த்த நிமிடத்தில் முள் எங்கே இருந்தது என்பதற்கு அர்த்தமே இல்லை. சந்தேகம் என்றால் இருக்கும் கேஸ் முழுவதையும் எடுத்து, எடை போட்டு, வேக்கம் போட்டு, ஸ்டிக்கர் கணக்குப்படி மறுபடி ஏற்றுங்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகும். ஏற்றிய பிறகு டெஸ்ட் மோடில் ஓட்டி, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் வித்தியாசம் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி இருந்தால் நல்லது. ஆகஸ்டில் கொஞ்சம் குறைவாகவே காட்டும், ஏனென்றால் மெஷினின் பாதி உழைப்பு காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிவதில் போய்விடும். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரையும் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

மாமி வீட்டுக்கு அடுத்த வாரம் உஸ்தாத்தோடு மறுபடி போனேன். இன்டோர் காயிலின் மூன்றாவது வளைவில் ஊசி நுனி அளவு ஓட்டை, நுரை அங்கே மட்டும் மெதுவாகப் பொங்கியது. மூன்று வருடம் மூன்று பேர் கேஸ் ஏற்றியிருக்கிறோம், நான் உட்பட. மாமி தன் நோட்டில், "எத்தனை கிராம்னு சொல்லு, எழுதிக்கறேன்" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

கிளம்புவதற்கு முன் வால்வு மூடிகளை மறக்காமல் இறுக்குங்கள், நுரையை அங்கேயும் ஒருமுறை தடவுங்கள். பிறகு கேஸின் பெயர், கிராம், குழாய் நீளம், தேதி நான்கையும் மார்க்கரால் அவுட்டோர் மூடியின் உள்பக்கம் எழுதுங்கள். வெளிப்பக்கம் எழுதினால் ஒரே மழைக்காலத்தில் அழிந்துவிடும்.